தரகு ஒரு ரூபாய்

எழுபத்து மூன்றில் நான் செங்கல்பட்டு ஜங்ஷன் பார்சல் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் நாள், பக்கத்து மேஜைக்காரருக்கு முந்நூறு ரூபாய் நஷ்டமாகிவிட்டது.

காலை முதல் ரயிலில் மெட்ராசிலிருந்து பேப்பர் கட்டு வரும். ஏஜென்ட் வந்து எடுத்துப் போவதற்குள் அவர் மேலாக இருக்கும் ஆங்கிலப் பேப்பரை உருவி, பின்பக்கமாகப் பிரித்து, எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கும் பொடி எழுத்துகளின் மேல் விரலை ஓட்டுவார். அன்றைக்கு விரல் ஓரிடத்தில் நின்றது. "போச்சு," என்றார். "முந்நூறு ரூபா போச்சு தம்பி."

எனக்கு மாதச் சம்பளமே முந்நூற்றுச் சொச்சம். பதறிப்போய்விட்டேன். பாவம், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனுஷன். பிளாட்பாரத்துக் கடைக்கு அழைத்துப் போய் ஒரு காபியும் ஒரு மசால்வடையும் வாங்கிக்கொடுத்து, "விட்டதைப் பிடிச்சுடலாம் சார், மனசைத் தளர விடாதீங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி தேற்றினேன். அவரும் வடையை மென்றுகொண்டே தலையை ஆட்டினார். மத்தியானம் ஒரு போர்ட்டர்தான் விஷயத்தை உடைத்தான். "சாருக்கு ஏது சார் டப்பு? அத்தெல்லாம் சும்மா நோட்டுல எழ்திக்கினு கீறாரு. வாங்குனா மாரி, வித்தா மாரி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இல்லாத பணம் போனதற்கு இருக்கிற பணத்தில் வடை வாங்கிக்கொடுத்த மடையன் அந்த ஜங்ஷனில் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். பிறகு விசாரித்ததில், அங்கே மாற்றலாகி வந்த அத்தனை பேரும் தலைக்கு ஒரு வடை வாங்கிக்கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் மனசு ஆறியது.

ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அது பொய்யே இல்லை. பங்குச் சந்தையில் இறங்கிப் பணம் பண்ண வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. ஆனால் இறங்குவதற்கு முன் பழக வேண்டும் என்பார். "நீச்சல் தெரியாம எவனாவது கிணத்துல குதிப்பானா? மொதல்ல கரையில படுத்துக் கையைக் காலை அடிச்சுப் பழகணும் தம்பி." கரையில் படுத்து நீச்சல் பழகியவன் எவனையும் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் சொல்லவில்லை. பத்தாயிரம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டு, நான் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே ஆரம்பித்திருந்தார். நோட்டில் பத்தாயிரம் இருபதாயிரம் ஆகும் நாளில் பழக்கம் முடிந்தது; அடுத்த நாள் நிஜப் பணம், நிஜச் சந்தை.

அதற்கான நிஜப் பணமும் இருந்தது. அப்பா வழி நிலத்தை விற்றதில் வந்த பங்கு இரண்டாயிரம் ரூபாய், தபாலாபீஸ் பாஸ்புக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் "முதல்". முதலைத் தொடக் கூடாது. பெண்ணைக் காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்தபோதுகூட ஊரெல்லாம் கைமாற்று வாங்கினாரே தவிர, முதலைத் தொடவில்லை.

நோட்டுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. பேனாவால்தான் எழுத வேண்டும். அடித்துத் திருத்தக் கூடாது. பேப்பரில் விலை ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, முந்தின நாளே வாங்கியிருந்ததாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு தடவை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எல்லாம் பொய்தானே சார், ஒரு நாள் முன்னால போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பொய்க்கணக்குலயும் பொய் எழுதினா, அப்புறம் நான் எதைத்தான் நம்புறது?" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தக் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் நிஜம். தரகு. நிஜச் சந்தையில் வாங்கினாலும் விற்றாலும் தரகருக்குக் கொடுத்தாக வேண்டும். கையிலிருந்து காசு போகாத வியாபாரம் வெறும் விளையாட்டு, புத்தி ஓரிடத்தில் நிற்காது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். எனவே நோட்டில் ஒரு வரி எழுதினால், சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துத் தரகரிடம் கொடுப்பார். தரகர் வெளியே எங்கும் இல்லை. அவருடைய சம்சாரம்தான்.

அவர்கள் ரயில்வே குவார்ட்டர்சில் எனக்கு அடுத்த வீடு. நான் பிரம்மச்சாரி. சாயங்காலக் காபி பாதி நாள் அங்கேதான். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்குப் பங்கு என்றால் என்ன, கம்பெனி என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. ஆனால் தரகு தெரியும்.

"என்னாங்க, இன்னிக்கு ஒண்ணும் கைமாறலியா?" என்று காபியை வைத்துக்கொண்டே கேட்பார்கள்.

"சந்தை மந்தமா இருக்கு."

"மந்தமா இருக்கிறப்பதானே வாங்கணும்? போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

அவர் யோசிப்பார். நோட்டை எடுப்பார். ஒரு ரூபாய் பிஸ்கட் டப்பாவில் விழும். மறுநாள் அந்தப் பங்கு ஏறியிருந்தால், "ஏறிடுச்சா? அப்ப வித்துடுங்க. பேராசை பெருநஷ்டம்." இன்னொரு ரூபாய். இறங்கியிருந்தால், "இன்னும் இறங்கித் தொலைச்சா என்னா பண்றது, தள்ளிவிட்டுடுங்க." அதற்கும் ஒரு ரூபாய். காபி குடிக்க வந்த எனக்கே டப்பாவின் சத்தத்தில் அது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்துவிட்டது. அவருக்கு மட்டும் அது காதிலேயே விழாது. அவர் காது முழுக்க சந்தை.

அடுத்த வருஷம் ஆடி மாசம் சர்க்கார் ஏதோ சட்டம் போட்டது. கம்பெனிகள் பங்குக்காரர்களுக்கு இவ்வளவுக்கு மேல் லாபம் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று. விலையெல்லாம் மடமடவென்று சரிந்தது. ஒரே வாரத்தில் அவருடைய நோட்டில் பாதிக்கு மேல் காலி. மனுஷன் லீவு போட்டுப் படுத்துவிட்டார். ஜுரம். தொட்டுப் பார்த்தேன், நிஜ ஜுரம்தான். ஆபீசிலிருந்து இரண்டு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு துக்கம் விசாரிக்க வந்தார்கள். நான் இந்தத் தடவை ஒன்றும் வாங்கிப் போகவில்லை. அக்கா மிளகு ரசம் ஆற்றிக் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, "இருக்கிறதையாவது காப்பாத்துங்க. ஒவ்வொண்ணா வித்துடலாம். எத்தினி இருக்கு?" என்று கேட்டார்கள். பதினெட்டு கம்பெனி இருந்தது. படுத்தபடியே பதினெட்டு வரி எழுதினார். பதினெட்டு ரூபாய் டப்பாவுக்குப் போயிற்று. ஊரே நாசமான வாரத்திலும் தரகருக்கு நல்ல வரும்படி.

"இன்னும் ஒரு அஞ்சு கம்பெனி கூட வச்சிருக்கலாம் இவரு" என்று என்னிடம் சமையலறை வாசலில் சொன்னார்கள். சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அவர் ரிடையராக நாலு வருஷம்தான் பாக்கி. ரிடையரானால் குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும். போக ஒரு கூரை கிடையாது. அக்கா இதை நினைத்துத் தூங்காமல் கிடந்த நாட்கள் எத்தனையோ. கூடுவாஞ்சேரியில் தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு கிரவுண்டு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வந்தது. அன்றைக்கு நரிகூடப் போகாத இடம். அக்கா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நான் இருக்கும்போதே அவரிடம் கேட்டார்கள்.

"முதல்லேருந்து எடுத்து அந்த மனையை வாங்கிடலாங்க. கால் வைக்க ஒரு இடம் ஆச்சு."

"முதலைத் தொடறதா? இன்னும் பழக்கமே முடியலியே."

"நாளைக்கு ரோட்டுலயா நிக்கிறது?"

அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கல்நெஞ்சுக்காரர் இல்லை. நோட்டை எடுத்தார். 'கூடுவாஞ்சேரி மனை, ஒரு கிரவுண்டு, ரூ. 1,200' என்று அழகான கையெழுத்தில் எழுதி, பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார். "இந்தா. வாங்கினதா வச்சுக்கோ."

அக்கா அந்த ரூபாயைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். "சரி. வச்சுக்கிறேன். இத்தினி வருஷம் உங்களோட குடித்தனம் பண்ணினதாவும் வச்சுக்கிறேன்" என்றார்கள். காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். போகும்போது அந்த ரூபாயையும் மறக்காமல் டப்பாவில் போட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு டப்பாவைத் திறந்து காட்டினார்கள். அது ஒரு டப்பா இல்லை, நாலு டப்பா. ஆறு வருஷத்துத் தரகு. சேமித்த மற்ற சில்லறையும் சேர்த்து ஆயிரத்து முந்நூறுக்குக் கிட்ட. எல்லாம் ஒரு ரூபாய்க் காசு, நோட்டு. "இதை எடுத்துக்கினு பத்திர ஆபீசுக்குப் போனா, கோயில் உண்டியலை ஒடைச்சவன்னு பிடிச்சுடுவாங்க தம்பி. பெரிய நோட்டா மாத்திக் குடு. சாட்சிக் கையெழுத்தும் நீதான் போடணும். அவருக்குத் தெரியக் கூடாது."

சில்லறை என்றதும் எனக்குக் கன்னியம்மா ஞாபகம் வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரி. கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டுக் கூடை கட்டி, எங்கள் ஆபீசில் அரக்கோணத்துக்குப் பார்சல் போடுவாள். கட்டுமரக்காரர்களுக்குக் கொடுக்க அவளுக்கு எந்நேரமும் சில்லறை வேண்டும். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னா அண்ணாத்த, அவுரு பொய்யா யாவாரம் பண்றாரு, அந்தம்மா மெய்யா வூட்டு மனை வாங்குதா? அந்தம்மாதான் யாவாரி!" மூன்று நடையில் அத்தனை சில்லறையையும் வாங்கிக்கொண்டு நூறு நூறாகக் கொடுத்தாள். அவருடைய பங்குச் சந்தைத் தரகெல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் மீனுக்குக் கைமாறிற்று. பத்திரம் அக்கா பெயரில் பதிவானது. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு ஆபீசுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மாவுக்கு அவர்மேல் ஒரு கண் விழுந்துவிட்டது. "வா சார் ஒரு நாளு எங்க கரைக்கு. எங்க சந்தயயும் பாரு" என்று விடாமல் கூப்பிட்டாள். விலை ஏறி இறங்குவதை நேரில் பார்ப்பதும் ஒரு பழக்கம்தானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கையில் நோட்டு.

கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. ஈர மணலில் கானாங்கெளுத்தியைக் குவியல் குவியலாகக் கொட்டியிருந்தார்கள். ஏலம் விடுகிறவர் ஒரு குவியலின் மேல் காலை வைத்துக்கொண்டு, "முப்பது... முப்பது... முப்பத்திரண்டு..." என்று பாட்டுப் போல இழுத்துக்கொண்டிருந்தார். இவர் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். குறித்துக்கொண்டே வந்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆபீசில் விலையைப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்கு நான் எடுப்பேன்" என்று வாய்விட்டுச் சொல்வது அவர் வழக்கம். அதே வழக்கத்தில் பேனாவை உயர்த்தி, "நாப்பத்திரண்டு!" என்றார்.

ஏலக்காரர் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, திருநீறு, பேனா. யாரோ பெரிய பார்ட்டி என்று நினைத்திருக்க வேண்டும். வேறு யாரும் ஏறவில்லை. "நாப்பத்திரண்டு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எட்துக்கோ சார்!"

"இல்ல... நான் எடுத்ததா வச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்" என்றார் இவர்.

"வச்சுக்கினு? வச்சுக்கினு இன்னா பண்ணப் போறே? டப்ப எடு!"

அவர் பையில் பஸ்சுக்கு மூன்று ரூபாய் இருந்தது. காலடியில் ஒரு மலை மீன். நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். நான் கன்னியம்மாவைத் தேடினேன். கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "நான் ஜவாப்பு. வுடு அவர." என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க கரையில வாயத் தொறந்தா மடியயும் தொறக்கணும் அண்ணாத்த. சொல்லிக் கூட்டியாரக் கூடாது?"

அதற்குள் கோவளத்திலிருந்து ஒரு வியாபாரி தாமதமாக வந்து சேர்ந்தான். அன்றைக்கு வரத்து குறைவு. கன்னியம்மா அந்தக் குவியலை நாற்பத்தெட்டு ரூபாய்க்கு அவன் தலையில் கட்டினாள். நாற்பத்திரண்டை ஏலக்காரரிடம் எண்ணிக் கொடுத்தாள். மிச்சம் ஆறு ரூபாயை இவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "இந்தா சார், உன் லாபம். மொத தபா போணி!"

அவர் வாழ்நாளில் செய்த ஒரே நிஜ வியாபாரம் அது. கால் மணி நேரத்தில், கையில் காசில்லாமல், ஆறு ரூபாய் லாபம். எவனாக இருந்தாலும் குதித்திருப்பான். திருக்கழுக்குன்றம் வரைக்கும் பஸ்சில் அவர் நோட்டைப் பிரிக்கவே இல்லை. பிறகு கையை என் முன்னால் நீட்டினார். விரல்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"பார்த்தியா தம்பி. ஆயிரக்கணக்குல போனப்ப ஆடாத கை. ஆறு ரூபாய்க்கு ஆடுது." சிரிக்க முயன்றார். "நான் பயந்தாங்கொள்ளி. யார்கிட்டயும் சொல்லிடாதே."

அதுவரை அவரை நான் கோமாளியாகத்தான் வைத்திருந்தேன். அன்றைக்கு முதல் தடவையாக அவர்மேல் பரிதாபம் வந்தது. வடை வாங்கிக்கொடுத்த நாளில் வந்தது பரிதாபமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த ஆறு ரூபாயை அக்காவிடம் கொடுத்துவிட்டார். தரகு ஒரு ரூபாய்தானே என்று அக்கா கேட்டதற்கு, "எல்லாத்தையும் வச்சுக்கோ. எனக்கு அது வேணாம்" என்றார்.

அப்புறம் நோட்டுக்குத் திரும்பினார். நோட்டில் கை ஆடாது. கூடுவாஞ்சேரியில் விலை ஏறிவிட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு, நோட்டில் இருந்த அந்த மனையை இருநூறு ரூபாய் லாபத்தில் விற்றுவிட்டார். அக்கா அதற்கும் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பத்திரம் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

சர்க்கார் இன்னொரு சட்டம் போட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாம் நம் ஊர் ஆட்களுக்குப் பங்கு விற்க வேண்டும் என்று. விலையெல்லாம் பொங்கியது. அவருடைய நோட்டும் பொங்கியது. எழுபத்தெட்டில் அவருக்கு மாலை போட்டு, பிரம்பு நாற்காலி ஒன்று கொடுத்து வழியனுப்பினோம். அதற்கு அடுத்த வாரம் நோட்டில் இருபதாயிரம் நிறைந்தது. பழக்கம் முடிந்தது. பிராவிடண்ட் பண்ட் எட்டாயிரம், முதல் இரண்டாயிரம், ஆக பத்தாயிரத்தையும் நூறு ரூபாய் நோட்டாக எடுத்துவந்துவிட்டார். மெட்ராசுக்குப் போய், பெரிய தரகரைப் பார்த்து, மொத்தத்தையும் ஒரே கம்பெனியில் போடுவது என்று முடிவு.

காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அக்கா என் வாசலுக்கு ஓடிவந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, நான்தான் பாவி. டப்பாவுல விழுற சத்தத்துக்கு ஆசைப்பட்டு வாங்கு, வில்லுன்னு பத்து வருஷம் தூண்டிவிட்டேன். இப்ப மொத்தத்தையும் மடியில கட்டிக்கினு கெளம்பிட்டாரு. மனைதான் இருக்கு, அதுல ஒரு செங்கல்லு கெடையாது. இந்தக் காசும் போச்சுன்னா எதை வச்சுக் கட்டுறது?"

"வேணாம்னு சொல்லுங்களேன் அக்கா."

"எந்த வாயால சொல்றது?" கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "நீ கூடப் போ. தடுக்க வேணாம். திரும்பி வர்றப்ப, மிச்சம் மீதி எதுவானாலும் சரி, கூடுவாஞ்சேரியில எறக்கிடு. நான் மனையில நிக்கிறேன். நாளைக்குக் காலி பண்ணணும், இதுக்கு மேல மறைக்க முடியாது."

தாம்பரத்தில் மாறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, மண்ணடிப் பக்கம் ஒரு மாடியில் தரகர் ஆபீசைக் கண்டுபிடித்தோம். டெலிபோன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. குமாஸ்தா ஒருவர் எதிரே உட்கார வைத்தார். இவர் கம்பெனி பெயர், எத்தனை பங்கு, எந்த விலைக்கு மேல் போகக் கூடாது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். குமாஸ்தாவுக்கு மரியாதை வந்துவிட்டது.

"சார் ரொம்ப வருஷமா மார்க்கெட்ல இருக்கீங்க போல."

"பத்து வருஷமா."

"எந்தத் தரகர்கிட்ட?"

"வீட்டுல," என்றார்.

பிறகு மடியில் கட்டியிருந்த முடிச்சில் கையை வைத்தார். முடிச்சு அவிழவில்லை. முடிச்சு இறுகவில்லை, விரல்கள்தான் அவிழ்க்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தன. குமாஸ்தா காத்திருந்தார். இவர் என்னைப் பார்த்தார். பஸ்சில் பார்த்த அதே முகம். நான் உதவப் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் குமாஸ்தாவிடம். "இந்த விலைக்கு நான் வாங்கினதா வச்சுக்கிட்டா... உங்க தரகு எவ்வளவு?"

"நூறு ரூபா வரும் சார்."

முடிச்சு உடனே அவிழ்ந்தது. ஒரே ஒரு நூறு ரூபாய் நோட்டை உருவி மேஜைமேல் வைத்தார். கை கொஞ்சமும் ஆடவில்லை. "அப்ப வாங்கினதா வச்சுக்குங்க" என்று எழுந்தார். குமாஸ்தா மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தார். "சார், வாங்காம தரகு எதுக்கு சார்? நான் ரசீதுல என்னான்னு எழுதுறது?"

"பழக்கம் கெட்டுடக் கூடாது," என்று கீழே இறங்கிவிட்டார்.

ரயிலில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து வரியை எழுதினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அவரை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. கூடுவாஞ்சேரி வந்ததும் கையைப் பிடித்து இறக்கினேன். ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே முள்ளுக்காட்டு வழியாகக் கூட்டிப் போனேன். அக்கா எல்லைக்கல்லின் மேல் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, நேரே அவருடைய மடியைப் பார்த்தார்கள். அது புடைத்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியே கல்லின் மேல் மறுபடி உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இது எந்த இடம்?"

"நம்ம மனைங்க. என் பேர்ல கெரயம் பண்ணி நாலு வருஷம் ஆவுது."

"ஏது பணம்?"

"தரகு."

அவர் நின்றார். நாலு மூலைக் கல்லையும் பார்த்தார். மெல்ல நோட்டைப் பிரித்தார், பின்னால் போனார், ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "இந்த மனையைத்தான் நான் போன வருஷமே வித்துட்டேனே!"

"தெரியும். அதுக்கும் நான்தானே தரகு வாங்கினேன்."

பிறகுதான் அக்கா மெட்ராஸ் கதையைக் கேட்டார்கள். நான் சொன்னேன். ஒரு பங்கும் வாங்கவில்லை என்றதும் கும்பிட்டார்கள். தரகு மட்டும் கொடுத்தார் என்றதும் கும்பிட்ட கை இறங்கியது. "எவ்வளவு?" என்றார்கள். நூறு ரூபாய் என்றேன். நான் பார்த்த ஐந்து வருஷத்தில் குரலை உயர்த்தாத அக்கா, அந்த முள்ளுக்காடே அதிரும்படி கத்தினார்கள். "நூறு ரூபாயா! வூட்டுல தரகர் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்ப, வெளியாளுக்கு நூறு ரூபாயா! நூறு வியாபாரமாச்சே அது! அரை வருஷத்து டப்பாவாச்சே!"

தப்பு அவருக்கே உறைத்துவிட்டது. அக்கா மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகக் கேட்டார்.

"வித்ததைத் திரும்ப வாங்கிக்கலாமா?"

"வாங்குங்க."

"என்ன விலை?"

"விலை கெடக்குது. தரகை எடுங்க."

சட்டைப்பையைத் துழாவினார். ஒன்றும் இல்லை. மடியில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் இருந்தது. எல்லாம் நூறு ரூபாய் நோட்டு. ஒரு ரூபாய் சில்லறை இல்லை. என்னைப் பார்த்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி அக்காவின் கையில் வைத்தார். இந்தத் தடவை இடம் நிஜம், கல் நிஜம், முள் நிஜம். கை ஆடவில்லை. அக்கா அந்த ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அந்த ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்தில் இரண்டு அறையும் ஒரு கிணறும் ஆயிற்று. கடைசி வரைக்கும் அங்கேதான் இருந்தார்கள், நோட்டும் டப்பாவுமாக.

எனக்கு அடுத்த வருஷம் விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. என்னுடைய அந்த ஒரு ரூபாய் இன்றுவரை வரவில்லை. வந்ததாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.